குதிரை எங்க நின்னுச்சு

எனக்கு வலது கண்ணுல ஆபரேசன் பண்ணுன வருசமுங்க அது. கண்ணு ஆபரேசன் யாருக்கு வேணாலும் எப்ப வேணாலும் நடக்கும், அதை வெச்சு வருசத்தைக் கண்டுபுடிக்க முடியுமான்னு கேப்பீங்க. செரி, இன்னொண்ணு சொல்றேன். மெட்ராசுல ஏதோ பெரிய சதுரங்கப் போட்டின்னு, ஒரு குதிரைக்கு வேட்டி கட்டி, சட்டை போட்டு, கும்புடு போட வெச்சு ஊரெல்லாம் படம் ஒட்டியிருந்தாங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? பல்லடத்துல ஏறுனா அருள்புரம் வர்ற வரைக்கும் பஸ் ஸ்டாப்புக்கு ஒரு குதிரை. அந்த ஆடி மாசம். கட்டுப் பிரிச்ச கண்ணுல எனக்கு மொதமொதல்ல தெளிவாத் தெரிஞ்சதே அந்த வேட்டி கட்டுன குதிரைதானுங்க. டாக்டரு தப்பா ஏதாச்சும் வெச்சுத் தெச்சுப்போட்டாரோன்னு ஒரு நிமிசம் பயந்தே போனேன்.

நான் அருள்புரத்துல ஒரு பனியன் கம்பெனியில வாட்ச்மேனா இருக்கறேன். அதுக்கு முன்னால குண்டடம் பக்கம் ஆடு மேச்சேன். ஆடு மேச்ச காலம் மாதிரி வருமான்னு சில பேரு பெருமூச்சு உடுவாங்க. அவுங்க ஆடு மேச்சிருக்க மாட்டாங்க. வெயிலு, முள்ளு, எந்நேரமும் அடுத்தவன் காட்டுக்குள்ள பூந்து நமக்குத் திட்டு வாங்கிக் குடுக்கற ஆடு, அவ்வளவுதான். இங்க எனக்கு சேரு இருக்குது, பேனு இருக்குது. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. கையெழுத்துப் போடுவேன், ஆனா அதுல இருக்கறது என்ற பேருதானான்னு எனக்கே நிச்சயமில்லை. அப்படியாப்பட்ட நான் செஸ்ஸு ஆடுவேன். சிரிக்காதீங்க.

எங்க கம்பெனிக்கு செஸ் போர்டு வந்தது ஆடறதுக்கு இல்லைங்க. வெளிநாட்டுல துணி வாங்கறவங்க வருசம் ஒருக்கா ஆடிட்டுக்கு ஆளு அனுப்புவாங்க. வேலை செய்யறவங்களுக்கு ரெஸ்ட் ரூம் இருக்குதா, ஓய்வு நேரத்துல ஆடறதுக்கு ஏதாச்சும் இருக்குதான்னு பார்ப்பாங்க. அன்னைக்கு மட்டும் ஒரு ரூமைக் கூட்டிக் கழுவி, ஒரு கேரம் போர்டு, ஒரு செஸ் போர்டு, ஒரு தொட்டிச் செடி கொண்டாந்து வெப்பாங்க. அயர்ன் மாஸ்டருங்க ரெண்டு பேரைப் புடிச்சு, ஆடற மாதிரி மொகத்தை வெச்சுக்கங்கடான்னு உக்கார வெப்பாங்க. ஆடிட்டு காரு கேட்டைத் தாண்டுன அடுத்த நிமிசம் மூணும் என்ற ரூமுக்கு வந்துரும். செடிக்குத் தண்ணி ஊத்தறது நான். கேரம் போர்டு மேல சாப்பாட்டுத் தூக்கு வெச்சுக்குவேன். செஸ் போர்டை என்ன பண்றதுன்னு தெரியாம கட்டிலுக்கு அடியில தள்ளியிருந்தேன்.

அதை வெளிய இழுத்தது எங்க கட்டிங் மாஸ்டருதானுங்க. தெக்கத்தி ஆளு, கடலோரப் பக்கம், பனங்காட்டு ஊரு. கிறிஸ்துவரு. சின்ன வயசுல சர்ச்சு ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சப்ப அங்க ஒரு ஃபாதர் செஸ்ஸு சொல்லிக் குடுத்தாராம். ஒரு நாள் மத்தியானம் தூக்குப்போசியோட என்ற ரூமுக்குள்ள வந்தவரு, கட்டிலுக்கு அடியில பார்த்துட்டு, "என்னவே இது, பொணத்தைக் கெடத்துன மாதிரி கெடத்தியிருக்கீரு?"ன்னாரு. அன்னைல இருந்து சாப்பாட்டு நேரத்துல ஆடுனோம். அவருக்கும் எனக்கும் ஒரே வயசு, ஒரே சர்க்கரை. ஒரு சிப்பாய் காணாமப் போயிருந்துச்சு, அதுக்குப் பதிலா தையல் மிஷின்ல நூல் சுத்தற பாபின் ஒண்ணை வெச்சுக்கிட்டோம். அந்த பாபின் எப்பவும் என்ற பக்கம்தான். கருப்புக் காயும் எனக்குத்தான்.

மொத ஒரு மாசம் நாலே ஆட்டத்துல என்னையக் கவுத்துப்போடுவாரு. மந்திரி சாய்வா ஒரு பக்கம் வருவாரு, ராணி இன்னொரு பக்கம் வருவா, ரெண்டு பேரும் சேந்து என்ற ராஜா பொடனியில ஒரு போடு. நான் சோத்துல கொழம்பு ஊத்தறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிரும். பொறவு மெல்லப் புரிஞ்சுது. அவரு கட்டிங் மாஸ்டரு. அறுபது துணியை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஒரே வெட்டா வெட்டறவரு. கை வெச்சா வெச்சதுதான். அதனால மொதல்லயே எல்லாத்தையும் அளந்து, மனசுக்குள்ளயே சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சிருப்பாரு. நான் வாட்ச்மேனு. எனக்குக் கோடெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒரே கேள்விதான்: இவன் எதுக்கு வர்றான், வந்ததால எந்த எடத்தை உட்டுட்டு வர்றான்? லாரியில சாமான் எறக்க ரெண்டு பேரு ஓடுனா, நான் லாரியைப் பார்க்க மாட்டேன், அவுங்க உட்டுட்டுப் போன கதவைத்தான் பார்ப்பேன். அதையே போர்டுல பண்ணுனேன். ரெண்டாவது வருசம் ஆளுக்குப் பாதி ஜெயிச்சோம்.

நாங்க ரெண்டு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, ராணி எங்க போகுது, யானை எங்க வருதுன்னு பார்த்துட்டு இருந்தோமுங்க. அந்த நேரத்துல என்ற பையன், மிஷின் மெக்கானிக்கு, அவரு புள்ளை, செக்கிங்ல இருந்தவ, ரெண்டு பேரும் எங்க ரூம் ஜன்னலைத் தாண்டிப் போயி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிட்டு வந்துட்டாங்க. அன்னைக்கு அவுட் பாஸ் குடுத்தது நான்தான். ரெண்டு பாஸ்லயும் என்ற கையெழுத்து இருந்துச்சு. சொந்தக்காரங்க அல்லாரும், "வாட்ச்மேன்னு பேரு வேற"ன்னு காறித் துப்புனாங்க. கட்டிங் மாஸ்டரு வந்தாரு. நான் எந்திரிச்சு நின்னேன். அடிக்க வர்றாருன்னு நெனைச்சேன். "சம்பந்தி, அந்த ஆட்டம் பாதியில நிக்கி"ன்னு சொல்லிட்டு உக்காந்தாரு.

செரி, விசயத்துக்கு வாரேன். பேத்தி பொறந்தா. எட்டு மாசத்துலயே பொறந்துபோட்டா. கோழிக்குஞ்சு மாதிரி இருந்தா, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தாங்க. எங்களை உள்ள உடலை. நான் ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு எங்க கொலதெய்வம் கருப்பராயனைக் கூப்புட்டேன். சாமி, புள்ளை பொழைச்சு வந்தா மொத முடி உனக்குத்தான்னு நேந்துக்கிட்டேன். கருப்பராயனுக்கு முடி எதுக்குன்னு எனக்குத் தெரியாது. அவரே ஆளை முழுங்கற மாதிரி மீசையும் சடையுமாத்தான் நிக்கறாரு. ஆனா பழக்கம் அதுதான், நானா மாத்த முடியும்?

புள்ளை பொழைச்சு ஊட்டுக்கு வந்தா. வந்த அன்னைக்கு நான் பெருமையா நேந்த விசயத்தைச் சொன்னேன். சம்பந்தி மொகம் சுருங்கிப் போச்சு. "என்னவே சொல்லுதீரு? மொத முடி மாதாவுக்குல்லா நேந்திருக்கேன்"ன்னாரு. அதே நாளு, அதே ஆஸ்பத்திரி, அவரு கேன்டீன் பக்கம் நின்னு நேந்திருக்கறாரு. ஒரே தலை, ஒரே முடி, ரெண்டு கெழவனுங்க ரெண்டு எடத்துல வாக்குக் குடுத்துப்போட்டோம். மாதாவுக்கு ஏற்கனவே நல்ல முடி இருக்குதேன்னு நான் சொன்னேன். அவருக்குக் கோவம் வந்துருச்சு. பாதி பாதி வெச்சுக்கலாம்னு பையன் சொன்னான். மொத முடின்னா முழு முடிதாண்டான்னு நாங்க ரெண்டு பேரும் ஒட்டுக்கா கத்துனோம். அந்த ஒரு விசயத்துலதான் ரெண்டு பேருக்கும் ஒத்துமை.

இப்படியே ரெண்டு வருசம் ஓடுச்சு. முடி மட்டும் வளந்துட்டே இருந்துச்சு. புள்ளை நடக்கப் பழகுனா, முடி மூக்கு வரைக்கும் வந்துருச்சு. கம்பெனி வேஸ்ட்டுல கெடக்கற எலாஸ்டிக் துண்டுல கட்டி உடுவாங்க, அஞ்சு நிமிசத்துல இழுத்துப் போட்டுருவா. கண்ணுல முடி குத்திக் குத்தி ரெண்டு கண்ணும் செவந்து, காலையில பீளை ஒட்டிக்கிட்டு முழிக்கவே முடியாம அழுவா. டாக்டரம்மா மருந்து குடுத்துட்டு, "மொதல்ல அந்த முடியை எடுங்க, இல்லாட்டி கண்ணுல புண்ணாயிரும்"னு சொல்லிப்போட்டாங்க.

மருமக அன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் நிக்க வெச்சு ஒரு பேச்சுப் பேசுனா. "மாமா, அப்பா, ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. வர்ற ஞாயித்துக்கெழமை மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் டைம். யாரு சாமின்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க, ஆவணி பொறந்ததும் அங்க போயி மொட்டை போடலாம். முடிவு பண்ணலைன்னா நானே பண்ணிருவேன்."

"எப்படி கண்ணு முடிவு பண்றது?"ன்னு கேட்டேன்.

"எப்பப் பாரு அந்த போர்டுல குனிஞ்சுக்கிட்டு இருக்கறீங்கல்ல? அதுலயே பண்ணுங்க."

அவ கடுப்புல சொன்னா. நாங்க அதையே புடிச்சுக்கிட்டோம். ஒரே ஆட்டம். நான் ஜெயிச்சா கருப்பராயன், அவரு ஜெயிச்சா மாதா. தோத்தவரு அவரவரு சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கோணும், வாயைத் தொறக்கப்படாது.

ஞாயித்துக்கெழமை எங்க கம்பெனி லீவு. கேட்டுல நான் மட்டும்தான். காலையில பத்து மணிக்கு சம்பந்தி வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு சர்ச்சுல இருந்து நேரா வந்தாரு. ஜெபம் பண்ணிட்டு வந்திருக்கறாருன்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுது. நானும் திருநீறு ஜாஸ்தியாத்தான் பூசியிருந்தேன். எதுத்தாப்புல பேக்கரியில ரெண்டு டீ சொல்லி, என்ற டம்ளரை எடது கைப் பக்கம் போர்டை ஒட்டி வெச்சேன். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னால வேணும்.

என்ற கண்ணைப் பத்தியும் சொல்லிரோணும். வலது கண்ணு புதுசு, அதுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா சொட்டு மருந்து உட்டு மூடிக்கோணும். எடது கண்ணு பழசு, ஆபரேசன் ஆகலை. அதுல பார்த்தா ஒரு குதிரை ஒண்ணரைக் குதிரையாத் தெரியும்.

சம்பந்தி எப்பவும் போல ராஜாவுக்கு முன்னால நிக்கற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளுனாரு. நானும் தள்ளுனேன். நேருக்கு நேரா ரெண்டு சிப்பாயும் முட்டிக்கிட்டு நின்னாங்க, ஒத்தையடித் தடத்துல ரெண்டு டிவிஎஸ் வண்டி மாதிரி. மந்திரியைச் சாய்வா கொண்டாந்தாரு. பழைய போடு போடப் பார்க்கறாருன்னு நான் குதிரையை எறக்குனேன். மந்திரியை பிஷப்புன்னுதான் அவரு சொல்லுவாரு. அதுக்கு ஏதாச்சும் ஆபத்துன்னா அவரு நெஞ்சுல சிலுவை போட்டுக்குவாரு. நான் என்ற மந்திரி ரெண்டு பேரையும் குடுத்து அவரு பிஷப்பு ரெண்டு பேரையும் தூக்குனேன். "ஞாயித்துக்கெழமை அதுவுமா, பாவி"ன்னு மொணங்குனாரு. அவரு ராஜாவை மூலைக்கு அனுப்பி மூணு சிப்பாயை முன்னால நிக்க வெச்சுக் கதவைச் சாத்திக்கிட்டாரு. நானும் சாத்திக்கிட்டேன். ஒரு யானைக்கு ஒரு யானை போச்சு. ஆளுக்கு ஒத்தை யானை மிச்சம்.

பதினொண்ணு வாக்குல பார்த்தா நெலவரம் எனக்குச் செரியில்லை. அவரு ராணி எங்க ஏரியாவுக்குள்ள வந்து, என்ற சிப்பாயிங்களை ஒவ்வொண்ணா மேஞ்சுட்டு இருந்துச்சு. அடிச்சுத் தொரத்தறதுக்கு ஆளில்லை. "வெள்ளாம நல்லாருக்குவே"ன்னு சிரிச்சாரு. கருப்பராயனுக்கு என்ன சொல்றது? சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு சொன்ன வார்த்தைங்க அது. புள்ளை மூச்சு உட்டதுக்குக் காரணம் டாக்டரா, கருப்பராயனா, மாதாவான்னு யாருக்குத் தெரியும்? நான் சொன்ன சொல்லு எனக்குத் தெரியுமில்ல.

அப்பத்தான் என்ற வாட்ச்மேன் புத்தி வேலை செஞ்சுது. ராணி இங்க வந்துருச்சே, அப்ப அங்க கதவுல யாரு? பார்த்தேன். நடு வரிசை ஒண்ணு மேலயிருந்து கீழ வரைக்கும் ரோடு மாதிரி காலி. அதுல என்ற ராணி முன்னால, யானை பின்னால, ரெண்டும் நிக்குது. அந்த ரோடு போயி முட்டறது அவரு கடைசி வரிசையில. அங்க காவலுக்கு ஒத்தை யானை, அதுவும் மூலையில. ராஜாவுக்கு முன்னால அவரே நிக்க வெச்ச மூணு சிப்பாய். கதவைச் சாத்துனாரே, அவரு வெளிய வர்றதுக்கு வழி உட்டாரா? உடலை. என்ற ராணியை உள்ள உட்டா அவரு யானை வந்து வெட்டியாகோணும். வெட்டட்டும். பின்னாலயே என்ற யானை போயி அவரு யானையை வெட்டுனா, ராஜாவுக்கு நகர எடமில்லை. முடிஞ்சுது.

ஆனா ஒரு குதிரை இருந்துச்சுங்க. ராஜா வாசலுக்கு நேரா முன்னால நின்னுச்சு. என்ற யானை உள்ள போனா, அந்தக் குதிரை ஒரே தாவா தாவி ராஜாவுக்கு ஒட்டுனாப்புல குறுக்க உக்காந்துக்கும். அப்புறம் ராணியைத் தொலைச்சுட்டு நான் தலையில துண்டைப் போட்டுக்கோணும். அந்தக் குதிரையை வாசல்ல இருந்து கெளப்போணும். எப்படிக் கெளப்பறது? காவல் நாய்க்கு என்ன போடுவோம்? எலும்பு. எடது ஓரத்துல இருந்த பாபினை ரெண்டு கட்டம் தள்ளி, குதிரை தாவுனா வெட்டற எடத்துல நிறுத்துனேன். நிறுத்திப்போட்டு அடடான்னு தொடையில தட்டுனேன், தெரியாம வெச்ச மாதிரி.

சம்பந்தி பார்த்தாரு. அளந்தாரு. கட்டிங் மாஸ்டருக்கு ஒரு கொறை உண்டுங்க, துண்டுத் துணி கூட வேஸ்ட்டாகப்படாது. சும்மா கெடக்கற பாபினை உட மனசு வரலை. "கண்ணு ஆபரேசன் பண்ணியும் பிரயோசனம் இல்லயேவே"ன்னு சொல்லிக்கிட்டே குதிரையைத் தூக்கி ஓரத்துல வெச்சுப் பாபினை எடுத்தாரு. குதிரை என்ற டீ டம்ளருக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு.

இப்ப என்ற முறை. ராணியைத் தள்ளுனா ஆட்டம் முடிஞ்சுது.

இங்கதானுங்க நான் கெட்டேன். தள்ளியிருக்கோணும். ஆனா அந்தச் சொகத்தை நீங்க அனுபவிச்சிருக்கோணும். எத்தனை தடவை அந்த மனுசன் என்னைய நாலே ஆட்டத்துல கவுத்திருக்கறாரு! இப்ப அவரு தலை என்ற கையில, அது அவருக்கே தெரியாது. செஸ்ஸுல எனக்கு ரொம்பப் புடிச்ச விசயமே அதுதான். என்ற முறைன்னா நான் நவுத்தற வரைக்கும் அந்தக் குதிரை அங்கயேதான் நிக்கோணும். ஆடு அப்படி நிக்குமா? பஸ்ஸு நிக்குமா? ஒலகத்துல நமக்காக நிக்கறது வேற என்ன இருக்குது, சொல்லுங்க. கொஞ்சம் நிக்கட்டும்னு உட்டேன்.

டீயை மெல்ல உறிஞ்சுனேன். மருந்து உட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன். வேஸ்ட் துணி ஏத்தற வண்டிக்காரன் வந்து ஹாரன் அடிச்சான், எந்திரிச்சுப் போயி, இன்னைக்கு லீவு, நாளைக்கு வான்னு சொல்லி, அவன் ஊர்ல மழையான்னு விசாரிச்சேன். அப்படியே ஒதுங்கிட்டு வந்தேன். செடிக்குத் தண்ணி ஊத்துனேன்.

"மணி பாரும்வே, பன்னெண்டு ஆகப் போவுது"ன்னாரு சம்பந்தி.

"இருங்க சம்பந்தி, யோசிக்கறேனுங்க."

"செடிக்குத் தண்ணி ஊத்துனா யோசன வருமோ?"

"உங்களுக்கு ஜெபம் பண்ணுனா வருதே, அந்த மாதிரிதானுங்க."

அவசரப்படுத்தறது அவரு தந்திரம்னு நெனைச்சுக்கிட்டு, நான் துண்டை உதறி மடிச்சுத் தோள்ல போட்டு, சேரை இழுத்துப் போட்டு, வெரலைச் சொடுக்கெடுத்து, ராணி மேல கை வெக்கப் போனேன்.

கேட்டு தொறந்துச்சு. மருமக வந்தா. இடுப்புல ஒரு மொட்டை.

மொட்டைன்னா அப்படி ஒரு மொட்டைங்க. சந்தனம் அப்பி, வெயில்ல மின்னுது. எனக்கு யாரு ஊட்டுக் கொழந்தைன்னே தெரியலை. "தாத்தா"ன்னு சிரிச்சுது. அப்பத்தான் தெரிஞ்சுது.

"பன்னெண்டு அஞ்சு ஆச்சு மாமா. எப்படியும் நீங்க முடிவு பண்ண மாட்டீங்கன்னு தெரியும், அதான் சலூன்ல கூட்டம் சேர்றதுக்கு முன்னாலயே முடிச்சுட்டு வந்துட்டேன்"னா மருமக. கையில ரெண்டு பாலி பேக்கு, நாங்க பனியன் போட்டு அனுப்புவமே, அந்தப் பையி. ரெண்டுலயும் முடி. ஒண்ணுல எல்லுன்னு ஸ்டிக்கரு, ஒண்ணுல எக்ஸெல்லுன்னு ஸ்டிக்கரு. "இது உங்க சாமிக்கு, இது அப்பாவோட மாதாவுக்கு. கொண்டு போயிக் குடுத்துக்கங்க. சண்டை போட்டா ரெண்டையும் சாக்கடையில கொட்டிருவேன்."

நாங்க ரெண்டு பேரும் வாயைப் பொளந்துட்டு நின்னோம். அந்தக் கேப்புல பேத்தி இடுப்புல இருந்து எறங்குனா. ஒரு மாசமா பஸ் ஸ்டாப்புக்கு பஸ் ஸ்டாப்பு குதிரைப் படத்தைக் காட்டி, வேணும் வேணும்னு அழுதுட்டு இருந்தவ அவ. போர்டைப் பார்த்தா. நேராப் போயி அந்தக் குதிரையைத் தூக்கி வாயில வெச்சுக்கிட்டா.

"ஐயோ கண்ணு, அதை வைய்யி!"ன்னு நான் கத்துனேன். "ஆட்டம் முடியப் போகுது! ராணி உள்ள போகுது, யானை வெட்டும், என்ற யானை போகும், நீங்க காலி சம்பந்தி!"

சம்பந்தி போர்டைப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் சொன்னாரு, "காலியா? எப்பிடிவே காலி? குதிர வாசல்லலா நின்னுச்சு."

"ஓரத்துல நின்னுச்சுங்க! டம்ளருக்குப் பக்கத்துல!"

"நீரு வண்டிக்காரன்கிட்ட பேசப் போனீருல்லா? போவுமுன்ன உம்ம வலது ஓரத்துச் சிப்பாய ஒரு கட்டம் நவுத்திட்டுத்தான் எந்திரிச்சீரு. நான் குதிரையத் திருப்பி வாசலுக்குக் கொண்டாந்துட்டேன். அதுக்கப்புறம் உம்ம முறையேதான், அதான் மணி பாரும்னேன்."

"நான் எதையும் நவுத்தலீங்க!"

"நவுத்துனீரு."

மருமக புள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டா, குதிரையோட. சத்தம் கேட்டு ஹாஸ்டல் ரூம்ல இருந்து பீகார்க்கார அயர்ன் மாஸ்டரு எட்டிப் பார்த்தான். அவனை நடுவரா உக்கார வெச்சோம். அவனும் ரெண்டு கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "சாச்சா, கோடா இதர் பீ டீக், உதர் பீ டீக்"னுட்டுப் போயிட்டான். குதிரை அங்க நின்னாலும் செரி, இங்க நின்னாலும் செரியாம். கோவத்துல எனக்கு அந்தச் சிப்பாயைப் பார்க்கக்கூடத் தோணலை. சம்பந்தி சட்டைப் பையில இருந்து சாக்பீஸை எடுத்து, வாசல் கட்டத்துல ஒரு பெருக்கல் குறி போட்டாரு. ஓரக் கட்டத்தை ஒட்டி என்ற டம்ளரோட டீக்கறை வட்டமா இருந்துச்சு, அது என்ற சாட்சி.

முடியை நான் கருப்பராயன் கோயிலுக்குக் கொண்டு போனேன். எக்ஸெல்லு எனக்குத்தான். பூசாரி பையைத் தூக்கிப் பார்த்துட்டு, "கொழந்தை எங்கீங்க?"ன்னாரு.

"ஊட்ல இருக்குதுங்க."

"முடி மட்டும் வந்திருக்குதுங்களா?"

"முடி முன்னால வந்துருச்சுங்க, ஆளு பின்னால வரும்."

பூசாரி கருப்பராயனைப் பார்த்தாரு, என்னையப் பார்த்தாரு. "பார்சல்லெல்லாம் நேத்திக்கடன் கழியாதுங்க. அடுத்த மொட்டைக்காச்சும் தலையைக் கூட்டிக்கிட்டு வாங்க"ன்னாரு. சம்பந்திக்கும் மாதா கோயில்ல அதே பதிலுதானாம்.

அதுக்கு மேல ஒரு வருசத்துல சம்பந்தியம்மாவுக்கு இந்த ஊருத் தண்ணி ஒத்துக்காம ஒடம்பெல்லாம் அரிப்பெடுத்து, ரெண்டு பேரும் அவுங்க ஊருக்கே போயிட்டாங்க. போன்ல பேசுவோம். சாப்புட்டாச்சா, சர்க்கரை எத்தனைன்னு ஆரம்பிப்போம். குதிரையில வந்து முட்டும். "உமக்குக் கண்ணு தெரியாதுவே"ம்பாரு, நான் வெச்சுருவேன். இப்ப ரெண்டு மாசமாப் போனு இல்லை. அவரு அடிக்கட்டும்னு நான் இருக்கறேன், நான் அடிக்கட்டும்னு அவரு இருக்கறாரு.

போர்டு இன்னும் அப்படியேதான் இருக்குதுங்க. அட்டைப் பெட்டி மூடியைக் கவுத்து மூடி பீரோ மேல வெச்சிருக்கறேன். ஆடிட்டுக்குக் கம்பெனியில புதுசு வாங்கிட்டாங்க. போன ஆடிட்டுல வந்த அம்மா மூடியைத் தொறந்து, "இது என்ன?"ன்னு கேட்டாங்க. நடந்துட்டிருக்கற ஆட்டமுங்கன்னேன். சந்தோசமா போட்டோ எடுத்துக்கிட்டாங்க. குதிரை பேத்திகிட்ட இருக்குது, ஒரு காதைக் கடிச்சுத் துப்பிட்டா. பேத்திக்கு இப்ப இடுப்பு வரைக்கும் முடி. பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்கு முன்னால இன்னொரு மொட்டை பாக்கியிருக்குதுன்னு மருமக சொல்லிப்போட்டா. இந்தத் தடவை முழு முடி, புள்ளையோட சேத்து. எங்கன்னு அந்த ஆட்டம்தான் சொல்லோணும். ஆவணிக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்குது. இந்தத் தடவை அவ சலூனுக்குப் போற வரைக்கும் நான் உக்காந்திருக்க மாட்டேன்.

இதைக் கேக்கறவங்கள்ல யாராச்சும் தெக்க, கடலோரப் பனங்காட்டுப் பக்கம் இருப்பீங்க, இல்லாட்டி பண்டிகைக்குப் போவீங்க. அங்க வெள்ளை மீசை வெச்சு, ரிட்டையர் ஆகியும் சட்டைப் பையில சாக்பீஸ் வெச்சிருக்கற மனுசன் ஒருத்தரு இருப்பாரு. அவருகிட்டச் சொல்லிப்போடுங்க. குதிரை ஓரத்துலதான் நின்னுச்சு, டீக்கறை சாட்சி. என்ற ராணி உள்ள போகுது, உங்க யானை வெட்டுது, என்ற யானை வருது, ஆட்டம் முடிஞ்சுது. ஒத்துக்காட்டி நேர்ல வந்து பேசச் சொல்லுங்க, டீ நான் சொல்றேன்னு சொல்லுங்க.

எடது கண்ணும் போன வருசம் ஆபரேசன் ஆயிருச்சு. இப்ப ரெண்டும் பளிச்சுன்னு தெரியுது. மூடியை எடுத்து நல்லாப் பார்த்தேன். வலது ஓரத்துச் சிப்பாய் ஒரு கட்டம் முன்னாலதான் நிக்குது. இதை மட்டும் அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க.